எங்க பசங்க காலுக்குக் காவல் இருந்தவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். நம்ம பரதநாட்டிய கிளாஸ் ஆண்டு விழா முடிஞ்சு மூணு நாள் ஆச்சு. அன்னிக்கு மேடையில மைக்க கையில வாங்கினதும் தொண்டை அடைச்சுக்கிச்சு, சொல்ல வேண்டியவங்கள்ல பாதி பேர சொல்லாமயே இறங்கிட்டேன், அது மனசுல உறுத்திட்டே இருக்கு. அதான் இந்த மடல்.

முதல்ல சலங்கை தச்ச அம்மாவுக்கு. 46 பசங்க, 92 சலங்கை. விழாவுக்கு முந்தின வாரம் பூரா சாயங்காலம் கிளாஸ் வாசப்படியிலயே உக்காந்துட்டீங்க. ஒவ்வொரு சலங்கையா மடியில போட்டு, ஒவ்வொரு மணியையும் ரெண்டு விரலால புடிச்சு இழுத்துப் பாக்கறது, லேசா ஆடினாலும் தடி ஊசிய தோல்ல குத்தி மெழுகு தடவின நூல ரெண்டு சுத்து சுத்தி முடிச்சு போடறது, திரும்பவும் இழுத்துப் பாக்கறது. மணி ஒன்னு கழண்டு விழுந்தா சத்தம் கொறையறது கூட பெருசில்ல, பின்னாடி வர்ற குழந்தை அதுமேல கால வச்சா கணுக்கால் பிசகிடும். அன்னிக்கு ராத்திரி மேடைய கூட்டும்போது ஒரு மணி கூட கிடைக்கல. உங்க விரல்ல ஊசி குத்தின தழும்பு இன்னும் இருக்கும்னு எனக்குத் தெரியும்மா.

அடுத்தது நம்ம சீனியர் பொண்ணுங்க. வெறுங்கால்ல ஆடறோம், மேடை எப்படி இருக்குன்னு தெரியாம பசங்கள ஏத்தக்கூடாதுன்னு நீங்களே முடிவு பண்ணி, காலையில ஏழு மணிக்கெல்லாம் வந்து, முட்டி போட்டு உள்ளங்கையால மேடை முழுக்க தடவிப் பாத்தீங்க பாருங்க, அத நான் கதவோரமா நின்னு பாத்துட்டு இருந்தேன். முந்தின நிகழ்ச்சிக்காரங்க விட்டுட்டுப் போன 17 ஸ்டேப்ளர் பின், ரெண்டு குண்டூசி, தலை தூக்கிட்டு நின்ன ஒரு ஆணி. இத நான் யாருக்கும் சொல்லிக் குடுக்கல. அடவுன்னு சொல்ற அடிப்படை ஆட்ட அசைவு மட்டும் இல்ல, அதுக்கு மேலயும் ஏதோ கத்துக்கிட்டிருக்கீங்கன்னு அப்போ தோணிச்சு.

கண்ணாடிய மூடலாம்னு சொன்ன அப்பாவுக்கு ஸ்பெஷல் நன்றி. வருஷம் பூரா கிளாஸ்ல கண்ணாடி பாத்தே ஆடிப் பழகின பசங்க மேடைக்குப் போனதும் எதிர்ல ஒன்னுமே இல்லாம இருட்டா இருந்தா தடுமாறிப் போறாங்க, முட்டிய பக்கவாட்டுல மடக்கி பாதி உக்கார்ற அரைமண்டி தானா மேல ஏறிடும், வரிசை கோணிக்கும், பக்கத்துல ஆடறவள திரும்பித் திரும்பிப் பாப்பாங்க. நீங்க கடைசி மூணு வாரமும் போர்வைய கட்டி கண்ணாடிய மறைச்சு, தரையில மேடை அளவுக்கே டேப் ஒட்டிக் குடுத்தீங்க. முதல் நாள் பசங்க அழுதாங்க, ரெண்டாவது வாரம் தாளத்த காதால புடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. இனிமே எல்லா வருஷமும் இப்படித்தான் பண்ணப் போறேன்.

கிரீன் ரூம் அம்மாக்களே, உங்கள எப்படி விடுவேன். ஐட்டம் வரிசைய மாத்தினா டிரஸ் மாத்த டைம் கிடைக்குமேன்னு நீங்க கேட்டது நியாயம்தான். ஆனா அலாரிப்பு, ஜதீஸ்வரம், சப்தம், வர்ணம்னு 19-ஆம் நூற்றாண்டுல தஞ்சை நால்வர்னு சொல்ற அண்ணன் தம்பி நாலு பேரு கோத்து வச்ச வரிசை அது, அலாரிப்புல உடம்பு மெல்ல மெல்ல திறந்து, ஜதீஸ்வரத்துல கால் சூடாகி, அப்புறம்தான் வர்ணத்தோட பாரத்த உடம்பு தாங்கும். அதுல கை வைக்க எனக்கு மனசு வரல. நான் முடியாதுன்னு சொன்னதும் நீங்க ஒரு வார்த்தை பேசல, நாலே நிமிஷத்துல ஒம்பது பசங்களுக்கு டிரஸ்ல முன்னாடி வர்ற விசிறி மடிப்ப மாத்தி, ஒட்டியாணம் கட்டி, தலையில ராக்கொடி சரி பண்ணி அனுப்பிட்டீங்க. அந்த நாலு நிமிஷத்துக்காக வீட்டுல வாட்ச் வச்சு ப்ராக்டிஸ் பண்ணீங்கன்னு நேத்து தான் கேள்விப்பட்டேன்.

சவுண்ட் பாத்த அண்ணாவுக்கு. முன்னெல்லாம் பாட்டுக்காரங்களும், தாளம் போட்டு ஆட்டத்த நடத்தற நட்டுவனாரும் ஆடறவங்களுக்குப் பின்னாடியே நின்னுட்டு வாசிப்பாங்களாம், இப்போ ஓரமா உக்கார்றதால மறுகோடியில ஆடற சின்னதுங்களுக்கு தாளச் சத்தம் சரியா போய்ச் சேராது. ரிகர்சல்ல அத கவனிச்சு, அந்தப் பக்கம் ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் நீங்களா கொண்டு வந்து வச்சீங்க. அதுக்கு தனியா ஒன்னும் வாங்கிக்கல.

தாளம் தட்டி ஜதி சொல்லி நட்டுவாங்கம் பண்ண அக்கா, மிருதங்க அண்ணா, உங்க ரெண்டு பேருக்கும் என்ன சொல்றதுன்னே தெரியல. ஏழு எண்ணிக்கைல வர்ற மிஸ்ர அலாரிப்புல அந்தக் கோடி பொண்ணு எண்ணிக்கைய தவற விட்டு அப்படியே நின்னுட்டா, எனக்கு நெஞ்சு நின்னு போச்சு. அக்கா அவ கால மட்டுமே பாத்துட்டு "தகிட தகதிமி"ய ஒரு சுத்து கொஞ்சம் அழுத்திச் சொன்னாங்க, அண்ணா மிருதங்கத்த அதுக்கு ஏத்த மாதிரி அடக்கி வாசிச்சாரு, அடுத்த தாளச் சுத்துல அவ கால் தானா வந்து சேந்துக்கிச்சு. கீழ இருந்தவங்க யாருக்கும் தெரியாது, அவங்க அம்மாவுக்கும் எனக்கும் தெரியும். இறங்கி வந்ததும் அந்தப் பொண்ணு நேரா அக்கா மடியில போய் படுத்துக்கிட்டா.

லைட் பாத்த தம்பி, வாசல்ல நின்னவங்க, வீடியோ எடுத்தவங்க, கடைசி நாற்காலி வரைக்கும் அடுக்கி வச்ச அண்ணன்மாருங்க, எல்லாருக்கும் மனசு நெறஞ்ச நன்றி.

அப்புறம், கிரீன் ரூம்ல ரெண்டு சடைக் குஞ்சலமும் ஒரு இடது கால் சலங்கையும் கிடந்துச்சு, கிளாஸ்ல என் மேசை மேல வச்சிருக்கேன். யாரோடதோ வந்து எடுத்துக்கோங்க. மணி எல்லாம் இறுக்கமா தான் இருக்கு, இழுத்துப் பாத்துட்டேன்.