அந்தப் போத்தல்களைப் பற்றி

சுங்கை சிப்புட்

அன்புள்ள மாணிக்கம்,

கடிதமும் மாத்திரைப் போத்தல்களின் படங்களும் கிடைத்தன. பேரன் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்ததைக் கேட்டு எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே மழை விட்டபாடில்லை. கோயில் கூரை வேலை பாதியில் நிற்கிறது.

உன் விஷயத்துக்கு வருகிறேன். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம், காலையில் இரண்டு, இரவில் இரண்டு, அதுவும் பல வருடமாக. கூடவே கிலிக்லசைட். பாதம் எரிகிறது, பஞ்சின் மேல் நடப்பதுபோல் இருக்கிறது என்கிறாய். இதையெல்லாம் எழுதிவிட்டு எந்த வைட்டமின் நல்லது என்று கேட்கிறாய். நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: உன் பி12 அளவை யாராவது பார்த்தார்களா?

சாப்பாட்டில் உள்ள பி12, இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதத்தோடு சேர்ந்து சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குப் போகும். அங்கே கால்சியத்தின் துணையோடுதான் உள்ளே ஏறும். மெட்ஃபார்மின் அந்த இடத்தில்தான் குறுக்கே நிற்கிறது. கல்லீரலில் சில வருடத்துக்கான கையிருப்பு இருப்பதால் உடனே தெரியாது. நாலைந்து வருடம் தாண்டியவர்கள், நாளுக்கு 1500 மில்லிகிராமுக்கு மேல் போடுபவர்கள், நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோலும் சேர்த்து விழுங்குபவர்கள், சைவக்காரர்கள், இவர்கள்தான் முதலில் மாட்டுவார்கள். பருப்பிலும் கீரையிலும் பி12 கிடையாது. முட்டை, ஈரல், சார்டின், கெராங் என்கிற சிப்பி இவற்றில் உண்டு. புரட்டாசி ஒரு மாதச் சைவத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. உன் வீட்டு அம்மா மாதிரி வருடம் முழுக்கச் சைவம் என்றால்தான் கவலை.

இதில் வம்பு என்னவென்றால், பி12 குறைந்தாலும் பாதம் எரியும், சர்க்கரையால் நரம்பு கெட்டாலும் எரியும். பார்த்துப் பிரிக்க முடியாது. ‘சக்கரைக் காலு’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால், சரிசெய்யக்கூடிய ஒன்று வருடக்கணக்கில் கவனிப்பாரற்றுக் கிடக்கும். நரம்பு நாள்பட்டுக் கெட்டபின் பி12 கொடுத்தாலும் முழுசாகத் திரும்பும் என்று சொல்வதற்கில்லை. ரத்தசோகை இல்லை, அதனால் பி12 குறைவு இருக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதே. ரத்தசோகை இல்லாமலும் நரம்பு கெடும். அதிக அளவு ஃபோலிக் அமிலம் போட்டால் ரத்தசோகை மறைந்துவிடும், நரம்பு மட்டும் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும்.

ஆகவே முதலில் ரத்தம், பிறகுதான் மாத்திரை. விழுங்கத் தொடங்கிவிட்டால் ரத்தத்தில் அளவு ஏறிவிடும், சோதனைக்கு அர்த்தம் போய்விடும். அடுத்த தேதிக்குக் கிளினிக் போகும்போது, மெட்ஃபார்மின் எத்தனை வருடம், பாதத்தில் என்ன உணர்வு, இரண்டையும் டாக்டரிடம் சொல்லிக் கேள். அங்கே எடுக்க வசதி இல்லையென்றால் தனியார் லேபில் காசு கட்டி எடுக்கலாம். படத்தில் முடி, நகத்துக்கென்று ஒரு போத்தல் தெரிகிறதே, அதில் பயோட்டின் 5000 மைக்ரோகிராம். சில லேப் முறைகளில் அது பி12 அளவை இல்லாத உயரத்துக்குக் காட்டும். தைராய்டு சோதனை, மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோப்போனின் சோதனை இவற்றையும் குழப்பும். ரத்தம் எடுப்பதற்கு மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டு, அதைப் போட்டதையும் சொல்லிவிடு.

குறைவு என்று தெரிந்தால் ஊசியா மாத்திரையா என்பதை டாக்டர் முடிவு செய்வார். மாத்திரையில் 500, 1000 மைக்ரோகிராம் என்று இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. நாள் தேவை 2.4 மைக்ரோகிராம்தான். ஆனால் அந்தக் கால்சிய வழி ஒரு வேளைக்கு இரண்டு மைக்ரோகிராம் அளவுக்குமேல் ஏற்காது. மீதியில் நூற்றில் ஒரு பங்குதான் தானாகக் கசிந்து உள்ளே போகும். 1000 விழுங்கினால் பத்து சேரும், அவ்வளவே. எதுவானாலும் மெட்ஃபார்மினை நீயாக நிறுத்தாதே. அது தேவையும் இல்லை.

ஒன்றைக் கவனித்துக்கொள்: பி12 குறைவாக இருந்தால், இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை நிஜத்தைவிடக் கூடுதலாகக் காட்டலாம். இரும்புச்சத்து குறைந்தாலும் அப்படித்தான். சிகிச்சை ஆரம்பித்ததும் புது ரத்த அணுக்கள் வரும், எண் இறங்கும். சர்க்கரை அடங்கிவிட்டது என்று அதை வைத்து மருந்தைக் குறைக்காதே. விரலில் குத்திப் பார்ப்பதையும் சேர்த்துப் பார்.

மற்ற போத்தல்கள். பி1, பி6, பி12 மூன்றும் சேர்ந்த மாத்திரையில் பி6 எத்தனை மில்லிகிராம் என்று லேபிளில் பார். 100, 200 என்று இருக்கும். பி6 அதிகமாக நாள்கணக்கில் உடம்பில் சேர்ந்தால் அதுவே பாதத்தை மரக்க வைக்கும். எரிச்சலுக்குப் போட்ட மருந்தே எரிச்சலைக் கொடுக்கும். அமெரிக்காவில் பெரியவர்களுக்கு உச்சவரம்பே நாளுக்கு 100 தான். நுரைக்கும் வைட்டமின் சி 1000-இல் சோடியம் உண்டு, உனக்குப் பிரஷர் வேறு. தோலில் ஒட்டும் சென்சார் வைத்திருப்பவர்களுக்கு அது சர்க்கரையை நிஜத்தைவிடக் கூட்டிக் காட்டலாம். மெக்னீசியம், சிறுநீரகம் நன்றாக இருந்தால் பெரிய தீங்கில்லை. ஆனால் மெட்ஃபார்மினும் அதுவும் சேர்ந்தால் வயிறு போகும். குரோமியம், காசுக்குக் கேடு.

பசார் மாலம் இரவுச் சந்தையில் வாங்கிய பாகற்காய்க் கேப்சியூலை மட்டும் இன்றைக்கே குப்பையில் போடு. போத்தலில் எம்ஏஎல் (MAL) என்று தொடங்கி எட்டு இலக்கமும் கடைசியில் N அல்லது T எழுத்தும் உள்ள அரசாங்கப் பதிவெண் இருக்க வேண்டும்; உன் படத்தில் அது இல்லை. பதிவில்லாத சர்க்கரை மருந்துகளில் கிளிபென்கிளமைட் என்ற சர்க்கரையை இறக்கும் ஆங்கில மருந்து கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது. கிலிக்லசைட்டோடு அது சேர்ந்தால் சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே விழும், வியர்க்கும், கை நடுங்கும். மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்துக் குத்திப் பார்க்க வேண்டும். ஏறினாலும் வீட்டில் படுத்துவிடாதே. அந்த மருந்து நெடுநேரம் நிற்கும், சில மணி நேரத்தில் மறுபடியும் இறக்கும். ஆஸ்பத்திரிக்குப் போ, போத்தலையும் எடுத்துப் போ.

ரிசல்ட் வந்ததும் எழுது. எண்ணை மட்டும் எழுதாதே, பக்கத்தில் இருக்கும் அலகையும் சேர்த்து எழுது. லிட்டருக்கு 150 பிகோமோலும் மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமும் ஏறக்குறைய ஒன்றுதான். அதற்குக் கீழே என்றால் குறைவு. கொஞ்சம் மேலே நின்றால், குறைவை உறுதிசெய்ய உதவும் மெதில்மலோனிக் அமிலச் சோதனை தேவையா என்று டாக்டரிடமே கேள்.

அன்புடன்,
சுப்பையா