தளையற்ற காடு

அன்புள்ள தமிழய்யாவுக்கு,

இப்படி அழைத்தால் நீ முறைப்பாய் என்று தெரியும், அதனால்தான் அழைக்கிறேன். பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பதோடு நிறுத்தாமல் மருத்துவரைப் பார்.

சென்ற வாரம் ஒரு காட்டில் ஓர் இரவு தங்கிவிட்டு வந்தேன். அமெரிக்காவின் டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு வடக்கே, கான்ரோ ஏரிக்கு மேற்கில், லிட்டில் லேக் கிரீக் என்று 3,855 ஏக்கர் பைன் காடு. 1984-இல் சட்டம் போட்டு அதை அதன் போக்கில் விட்டுவிட்டார்கள். உள்ளே தண்ணீர்க் குழாய் இல்லை, கழிப்பறை இல்லை, உட்கார ஒரு பலகை இல்லை. கூடாரமும் குடிநீரும் முதுகில்தான் போக வேண்டும். சைக்கிள்கூடக் கூடாது. மரங்களில் அடித்த சிறு அலுமினியத் தகடுகள்தான் வழிகாட்டி. ஒன்றைத் தவறவிட்டு அரை மணி நேரம் சுற்றினேன், வீட்டில் சொல்லிவிடாதே.

பாதையை மறித்து விழுந்திருந்த பைன் மரம் ஒன்றை நடுவில் அறுத்து வழி விட்டிருந்தார்கள். அறுத்த முகத்தில் பிசின் துளித்துளியாக நின்றது. தொட்ட விரல் மாலைவரை மணத்தது. இதுபோன்ற காடுகளில் வனத்துறையினரும் பொதுவாக மோட்டார் ரம்பம் எடுப்பதில்லை. மரவாடியில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுப்பார்களே, அந்த வாள்தான்.

இந்த விதிகளுக்கெல்லாம் தாய், காட்டை அதன் போக்கில் விடச் சொல்லும் 1964-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம். அதை எழுதிய ஹோவர்ட் ஸானிஸர் 1956 முதல் அறுபதுக்கும் மேற்பட்ட முறை திருத்தி எழுதினார்; சட்டம் கையெழுத்தாவதற்குச் சில மாதங்களுக்கு முன் இறந்துபோனார். இத்தகைய காட்டைக் குறிக்க அவர் பிடிவாதமாக வைத்துக்கொண்ட சொல் 'அன்ட்ரம்மல்ட்'. குதிரை ஓடாமல் காலில் பூட்டும் கட்டுக்கு ட்ரம்மல் என்று பெயர், அது பூட்டப்படாதது. எனக்கு உடனே 'தளை' நினைவுக்கு வந்தது. காலில் பூட்டும் விலங்கும் தளைதான், செய்யுளில் சீரோடு சீரைப் பிணைப்பதும் தளைதான். விடுதியில் வெண்டளை தட்டியதற்காக என் வெண்பாவை நீ கிழித்துப் போட்டாயே, அந்தத் தளை! 'தளையற்ற நிலம்' என்றால் சரியாக வருமா? உன் தீர்ப்பு வேண்டும்.

ஆனால் ஒரு மரங்கொத்தி என்னைக் குழப்பிவிட்டது. எல்லைக்கு வெளியே, திரும்பும் வழியில் பார்த்தேன். வெள்ளைக் கன்னமும் குயில் அளவுகூட இல்லாத உடம்பும். மற்ற மரங்கொத்திகள் பெரும்பாலும் பட்ட மரத்தைத் தேடும்; இது உயிருள்ள முதிய பைனில்தான் பொந்து குடையும், சில நேரம் ஆண்டுக்கணக்கில். பொந்தைச் சுற்றிலும் பட்டையைக் கொத்திப் பிசினை வழியவிடும். பாம்பு ஏறாமலிருக்க அதுதான் வேலி. அந்த மரம் உருகி வழிந்த மெழுகுவர்த்தி போல வெளுத்து நின்றது.

இந்தப் பறவைக்கு அடியில் புதரில்லாத, திறந்த பைன் காடு வேண்டும். முன்பு மின்னல் நெருப்பு புதரை எரித்துத் தள்ளியது. சாலைகளும் தீயணைப்பும் வந்தபின் அது நின்றது. அதனால் இப்போது வனத்துறையே அளந்து தீ வைக்கிறது. நான் படுத்த இடத்திலோ, யோபான் புதர் இடுப்புக்கு மேல் அடர்ந்திருந்தது. கைவைக்காமல் விட்டால் காடு பிழைத்துக்கொள்ளும் என்றுதான் இத்தனை நாள் வாதாடி வந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

இரவில் ஆந்தை ஒன்று வெகுநேரம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது. தெற்கு வானத்தில் நகரத்து வெளிச்சம் மங்கலாகத் தெரிந்தது. அதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றினால் கணுக்காலில் இரண்டு உண்ணி. மனைவி இடுக்கியோடு வந்தாள், வழியெல்லாம் திட்டிக்கொண்டே.

'தளை' பற்றி மறக்காமல் எழுது. முழங்கால் பற்றியும்.

உன் பழைய அறைத்தோழன்