கையில் 73 நாள்

ஸ்கார்பரோ,
15 பிப்ரவரி 2026

அன்புள்ள சேகர்,

நான் நலம். நீ நலமா என்று கேட்க வாய் வரவில்லை. உங்கப்பா, நமக்குப் பாடம் சொன்ன சார், போய் ஐந்து வாரம் ஆகிறது. அன்று போனில் நாலு நிமிடம் பேசியதோடு சரி. நீ திட்டியிருந்தால்கூடத் தேவலை. செந்தில்தான் குழுவில் எழுதினான்: "பி.ஆர். வாங்கினவருக்குக் காரியத்துக்கு வர நேரம் ஏது?" என்னிடம் வாங்கிய பணத்தைப் பற்றி மட்டும் அவன் எந்தக் குழுவிலும் எழுத மாட்டான். இருந்தாலும் சுருக்கென்றுதான் இருந்தது.

ஏன் வரவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

நான் முதலில் இங்கே வந்து இறங்கியது 2021 செப்டம்பர் 12. பி.ஆர்., அதாவது இங்கே நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை, கையில் நிற்க ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருக்க வேண்டும். "அஞ்சில் ரெண்டு வருஷம்தானே, இதெல்லாம் ஒரு கணக்கா?" என்று டீக்கடையில் உன்னிடம் பீற்றிக்கொண்டது ஞாபகம் இருக்கிறதா? 162 நாள் ஆனபோது எங்கப்பாவுக்குப் பக்கவாதம். அவரைப் பார்த்துக்கொண்டது, அவர் போனது, என் கல்யாணம் என்று 2024 நவம்பர் வரை ஊரிலேயே ஓடிவிட்டது. அதில் ஒரு நாள்கூடக் கணக்கில் சேராது. பெண்டாட்டி கனடாக் குடிமகளாக இருந்தால், அவளோடு வெளிநாட்டில் கழித்த நாளும் சேரும். நான் கட்டியதோ மேலக்காவேரிப் பெண்ணை.

இன்னொன்று கேள். குடியுரிமை உள்ளவன், பிற்பாடு இங்கே வந்து குடியிருப்பேன் என்று காட்டினால், ஊரில் இருந்தபடியே மனைவிக்கு ஸ்பான்சர் செய்யலாம். வெறும் பி.ஆர். உள்ளவன் இங்கே குடியிருந்துதான் செய்ய வேண்டும். அதாவது பெண்டாட்டியைக் கூட்டிக்கொள்வதற்குப் பெண்டாட்டியை விட்டுவிட்டு வர வேண்டும். மூன்று மாதக் கர்ப்பிணியை விட்டுவிட்டு வந்தேன். விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரர் என்னப்பா ஜலதோஷமா என்று கேட்டார்.

போன மே மாதம் பாப்பா பிறந்ததற்கு வந்து முப்பது நாள் இருந்தேன். பிறந்தவளை உடனே விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டும். அப்போது சொல்லாமல் விட்டால் பின்னால் அவளை அழைக்கவே முடியாமல் போகலாம். பிறப்புச் சான்றிதழில் அவள் அம்மா சுகன்யாவின் பெயரில் ஓர் எழுத்துத் தப்பாக அடித்துவிட்டார்கள். அதைத் திருத்த மூன்று நாள் அலைந்தது யார்? நீதான். அந்த அலுவலக வாசலில் நீ செருப்பைத் தொலைத்ததை நான் மறக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அடுப்புக்கு மேலே முருகன் காலண்டர் மாட்டியிருக்கிறேன். ஒவ்வொரு ராத்திரியும் ஒரு கட்டத்தை அடித்துவிட்டு, ஓரத்தில் மிச்சக் கணக்கு எழுதுவேன். வரும் செப்டம்பர் வரை கூட்டிக் கழித்தால் 73 நாள் உபரி. சார் போன செய்தி வந்த அன்றும் 73 என்றுதான் எழுதியிருந்தது. பத்து நாள் வந்து போயிருந்தால் 63 ஆகியிருக்கும், அவ்வளவுதான். சுகன்யாவின் விண்ணப்பத்துக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, சேகர். அம்மா அங்கே தனியாக இருக்கிறாள், அவளுக்கு ஒன்று என்றால் வேண்டுமே என்று அந்த 73 நாளைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். டிக்கெட் விலையைப் பார்த்தேன். பிறகு காலண்டரைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன், அங்கே எடுத்துவிட்டார்கள். வாய்ப்பாடு தப்பாகச் சொன்னாலும் தன் வீட்டிலேயே சோறு போட்டு உட்கார வைத்த மனுஷன்.

மேல்வீட்டு யாழ்ப்பாணத்து அக்காவிடம் சொல்லி அழுதேன். "நான் இவரைக் கூப்பிட நாலு வருசம் காத்திருந்தனான் தம்பி, எங்கட அம்மாவின்ர செத்த வீட்டுக்கும் போகேல்லை" என்றார். பிறகு புட்டு கொண்டுவந்து வைத்தார்.

இன்னொரு சேதி. செவ்வாய்க்கிழமை மின்னஞ்சல் வந்தது, சுகன்யா, பாப்பா இருவர் பாஸ்போர்ட்டையும் கேட்டு. கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான். உன்னை அலைய விடமாட்டேன், அவள் தம்பி சென்னைக்குக் கொண்டுபோகிறான். அவர்கள் வந்து இறங்கிய நாளிலிருந்து அவர்களுக்கும் தனித்தனியாக 730 ஓட ஆரம்பிக்கும். பல் நாலு முளைத்தவளுக்கும் அதே கணக்குத்தான்! என்னுடையதும் செப்டம்பரோடு ஒழியாது. அதற்கப்புறம் எந்தத் தேதியில் கேட்டாலும், அதற்கு முந்தைய ஐந்து வருடத்தைப் பார்ப்பார்கள்.

அம்மாவுக்கு சூப்பர் விசா போடலாம், ஒரு தடவை வந்தால் ஐந்து வருடம் வரை இருக்கலாம் என்றேன். "மாட்டை யார்டா பார்ப்பா?" என்கிறாள். அந்தக் கிழட்டு மாடு பால் கறந்தே இரண்டு வருடம் ஆகிறது. முடிந்தால் ஒரு நடை போய் அவளிடம் பேசிப் பார்.

சாருக்கு வருஷத் திதி எந்தத் தேதியில் வருகிறது என்று புரோகிதரிடம் கேட்டு எழுது. அதற்கு இரண்டு நாள் முன்னால் வந்து இறங்குகிற மாதிரி டிக்கெட் போடுகிறேன். செந்திலிடம் இப்போதே சொல்லாதே, குழுவில் போட்டுவிடுவான்.

உன்,
குமார்