ராணுவத்திடம் எதைக் கேட்பது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெரும்புயல் கரையைக் கடந்ததுமே ராணுவத்தை அழையுங்கள் என்ற குரல் எழுகிறது. அது நியாயம்தான். ஆனால் அழைத்தபின் என்ன கேட்கிறோம் என்பதில்தான் உயிர்கள் தங்கியிருக்கின்றன. 'இரண்டு ஹெலிகாப்டர் வேண்டும்' என்று எழுதுவது தவறு. 'இந்த ஊரில் 3,000 பேர், சாலை அறுந்துவிட்டது, நாளைக் காலைக்குள் 2 டன் மருந்து போய்ச் சேர வேண்டும்' என்று எழுதுங்கள். படகா, லாரியா, ஹெலிகாப்டரா என்பதைப் படையினர் முடிவு செய்துகொள்வார்கள்.

தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். பேரிடரில் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்பது நிவாரணப் பணிக்கான சர்வதேசக் குறைந்தபட்ச அளவுகளைச் சொல்லும் ஸ்பியர் கையேட்டின் அளவு. 10,000 பேருக்கு 150 டன். சி-130 என்ற ராணுவச் சரக்கு விமானம் ஒரு நடைக்கு ஏறத்தாழ 19 டன்தான் ஏற்றும். தண்ணீருக்கு மட்டுமே தினம் எட்டு நடை! அங்கேயே குளத்து நீரை இறைத்து, படிகாரம் போட்டுத் தெளியவைத்து, லிட்டருக்கு 5 மில்லிகிராம் குளோரின் சேர்த்தால், அந்த 150 டன் நீருக்கும் 33 சதவீத குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் இரண்டேகால் கிலோ போதும். அரை மணி நேரம் கழித்துச் சோதிக்கும்போது லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். மிஞ்சாவிட்டால் நீரில் அழுக்கு அதிகம், அல்லது பவுடர் ஈரம் பட்டு வீரியம் இழந்துவிட்டது. கடல்நீர் புகுந்த கிணற்றில் இது பலிக்காது. குளோரின் உப்பை எடுக்காது. அங்கே உப்பை நீக்கும் ஆர்.ஓ. இயந்திரம், ஜெனரேட்டர், டீசல் மூன்றும் சேர்ந்தே போக வேண்டும். டீசலை மறந்ததால் இயந்திரம் சும்மா நிற்பது அடிக்கடி நடக்கிறது.

படையின் பெரும்பலம் பொறியாளர் பிரிவுதான். துண்டு துண்டாகக் கொண்டுவந்து அங்கேயே பூட்டும் பெய்லி பாலத்தின் ஒரு இரும்புச் சட்டம் சுமார் 3 மீட்டர் நீளம், 260 கிலோ எடை. ஆறு பேர் தூக்கிவிடலாம், கிரேன் தேவையில்லை. ஆனால் அறுந்த இடம் எத்தனை மீட்டர், இரு கரையும் உறுதியாக உள்ளனவா, கடக்கப்போகும் மிகக் கனமான வண்டி எத்தனை டன் என்ற மூன்று தகவல்கள் முன்பே போக வேண்டும். இல்லாவிட்டால் தவறான நீளத்துக்குச் சட்டங்கள் வந்திறங்கி ஒரு நாள் வீணாகும்.

ஹெலிகாப்டர் இறங்கும் திடலில் கிடக்கும் தகரங்களை முதலில் அகற்றுங்கள். இறக்கையின் காற்றில் அவை கத்திபோலப் பறக்கும்.

கட்டளை சிவில் நிர்வாகத்திடமே இருக்கட்டும். 1991-இல் புயலுக்குப்பின் வங்கதேசத்துக்கு உதவ வந்த அமெரிக்கப் படையினரில் பெரும்பாலோர் கப்பல்களிலேயே தங்கினர். நிவாரணப் பணியை நடத்தியது அந்நாட்டு அரசு. 2008-இல் நர்கிஸ் புயலுக்குப்பின் மியன்மார் அனுமதி தராததால், பொருட்களோடு வந்த வெளிநாட்டுப் போர்க்கப்பல்கள் கடலிலேயே காத்திருந்துவிட்டுத் திரும்பின. அனுமதிக் கடிதங்களின் வரைவு புயல் பருவத்துக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.

படை விலகும் நாளையும் முதல் வாரத்திலேயே குறித்துவிடுங்கள். அதற்குள் ஒவ்வொரு பம்புக்கும் உள்ளூர் ஆள் ஒருவர் பழகி, மாற்று வடிகட்டியும் டீசலும் அவர் கையில் இருக்க வேண்டும்.