ஆடி லீவும் மார்கழி லீவும்

திருகோணமலை
ஆடி மாதம், வெள்ளிக்கிழமை

அன்புள்ள தோழிக்கு,

நீ அனுப்பிய குரல்பதிவுக்கு இத்தனை நாளாகப் பதில் இல்லை என்று கோபமாக இருப்பாய். கைபேசியில் துண்டு துண்டாகச் சொல்ல மனம் வரவில்லை. இப்போது மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லாரும் படுத்துவிட்டார்கள். வெளியே கச்சான் காற்று அடிக்கிறது. அம்மா விடியவே கூட்டிய முற்றத்தில் மாஞ்சருகு மறுபடியும் ஓடித் திரிகிறது. விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, பேனா பிடித்துக் கனகாலம்.

முதலில் ஊர்ப் புதினம். அம்மா சுகம். முழங்கால் நோவு இருக்கிறது, ஆனால் அது ஆள் பார்த்து வருகிற நோவு. கோணேசர் கோயில் ஏற்றம் என்றால் வராது, மருந்துக்கடைக்குப் போகச் சொன்னால் வந்துவிடும். உங்கள் பழைய வீட்டுப் பக்கம் போனேன். மதிலோர வேம்பு நிற்கிறது, கிணற்றை மூடிவிட்டார்கள். டச்சு பே கரையில் பின்னேரம் சனம் நிறைந்து வழிகிறது. இறால் வடை முந்திய ருசி இல்லை என்று இவர் சொல்கிறார். சொல்லிக்கொண்டே நாலு சாப்பிட்டார். கோட்டைக்குள் நின்ற மான்கள் இப்போது கடைத்தெருவெல்லாம் சுற்றுகின்றன. சின்னவன் ஒன்றுக்கு வாழைப்பழத் தோல் நீட்ட, அது தோலை விட்டுவிட்டு அவன் தொப்பியை இழுத்தது. நோர்வேயில் காட்டு ரோட்டில் பெரிய எல்க் மான் காருக்குக் குறுக்கே பாயுமோ என்று நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறோம். இங்கே மான் பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் மாதிரி ரோட்டோரம் நிற்கிறது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். எங்கள் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் எந்தப் பண்டிகையைக் கொண்டாடுவார்கள் என்று கேட்டிருந்தாய். நீ கொஞ்சம் கவலையோடு கேட்டாய். எனக்குக் கவலையைவிடச் சிரிப்புத்தான் வருகிறது. என் கண்ணுக்குப் பட்டதைச் சொல்கிறேன்: லீவு கிடைக்கிற பண்டிகை பிழைக்கும், லீவு இல்லாதது மெலிந்துபோகும். பக்தி, பண்பாடு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தைப்பொங்கலையே எடு. ஒஸ்லோவில் அது நடு மாரியில், வேலை நாளில் வரும். காலையில் இருட்டு, வெளியே பனி. முற்றத்தில் மூன்று கல் வைத்துப் பொங்குவது எங்கே? குசினியில் மின்சார அடுப்பு. அதுவும் கண்ணாடித் தட்டு அடுப்பு. பாலும் சர்க்கரையும் அதில் வழிந்தால் கருகிப் பிடித்துக்கொள்ளும், பிறகு பிளேட்டால் சுரண்ட வேண்டும். ஆகவே பானைக்குப் பக்கத்தில் நான் அகப்பையோடு காவல் நிற்பேன், பொங்கி வழிந்துவிடக் கூடாது என்று! எடியே, பொங்கல் பொங்கக் கூடாது என்று கும்பிடுகிற ஒரே சாதி நாங்கள்தான். கற்பூரம் கொளுத்தினால் புகை மணி அலறும். இவர் கதிரையில் ஏறி நின்று அதைத் துவாயால் விசுக்குவார். சூரியனோ ஒன்பது மணிக்கு வரும், சில நாள் வரவே வராது. படைத்துவிட்டு எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் ஓட்டம்.

மாறாக நத்தார், அதுதான் கிறிஸ்மஸ். நாங்கள் சைவம், அது எங்களுடைய நாள் இல்லை. ஆனால் 24ஆம் தேதி பின்னேரத்தோடு நாடே கதவை மூடிவிடும், எல்லாருக்கும் லீவு. பேர்கனிலிருந்து இவருடைய தம்பி குடும்பம், துறொண்ட்ஹைமிலிருந்து மச்சாள் குடும்பம், எல்லாரும் எங்கள் வீட்டில். ஆட்டிறைச்சிக் கறி, புட்டு, பிள்ளைகளுக்குப் பரிசு, மூலையில் ஒரு மரம். விடியப்புறம் மாமி எழும்பித் திருவெம்பாவை படிப்பார். அவருக்கு லைற் போடப் பிடிக்காது, மரத்து வெளிச்சம் போதும் என்பார். மரத்தையும் மாணிக்கவாசகரையும் ஒரே அறையில் பார்த்து வளர்ந்த என் பிள்ளைகளுக்கு அதில் ஒரு முரணும் தெரியவில்லை. குடும்பம் கூடுகிற நாள் எது என்று கேட்டால் நத்தார் என்றுதான் சொல்லுவார்கள். எனக்கு அதில் மனத்தாங்கல் இல்லை. மாமிக்குக் கொஞ்சம் உண்டு, ஆனால் பரிசுப் பொதியை முதலில் உடைக்கிறவரும் அவர்தான்.

இனி ஆடிப்பிறப்புக்கு வா. இங்கே இருந்த காலத்தில் அது ஒரு சின்ன நாள்தானே? பள்ளி விட்டு வந்தால் கூழ் இருக்கும், கொழுக்கட்டை இருக்கும், அவ்வளவுதான். நோர்வேயில் ஆடி மாதம் என்றால் நாடு முழுக்க லீவு. யூலைக் கடைசி மூன்று கிழமையும் தொழிற்சாலை, கந்தோர் எல்லாம் பாதி தூங்கும், முந்திய மாதமே விடுமுறைக் காசும் கைக்கு வந்திருக்கும். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். ஊருக்கு வராத வருசங்களில் ஏரிக்கரைப் பூங்காவில் நாலைந்து குடும்பம் சேர்ந்து கூழ் காய்ச்சுவோம். வறுத்த பயறு, அரிசிமா, தேங்காய்ப்பால், தேங்காய்ச் சொட்டு, பனங்கட்டி, மிளகு, சீரகம். பனங்கட்டிக்குத்தான் பாடு, ஊருக்குப் போய் வருகிறவர்களிடம் சொல்லி வைக்க வேண்டும். பலாவிலைக்கு நாங்கள் எங்கே போவது, கடுதாசிக் கோப்பைதான். அதனால் என் பிள்ளைகளுக்கு ஆடிக்கூழ் பெரிய பண்டிகை, பொங்கல் ஒரு சோறு.

உன் பக்கம் எல்லாம் தலைகீழ். மெல்பேணில் தைப்பொங்கல் வெயிலில் வரும், பள்ளி லீவும் கூட. பின்வளவில் வெடி வாசம் தவிர மற்றதெல்லாம் ஊர்போல நடக்கும் என்று நீயே சொன்னாய். உனக்கு ஆடிப்பிறப்பு போர்வைக்குள் வந்து போர்வைக்குள் போய்விடும். உன் பிள்ளையும் என் பிள்ளையும் சந்தித்தால், தமிழருக்குப் பெரிய நாள் எது என்று சண்டை பிடிப்பார்கள்.

இந்த முறை ஆடிப்பிறப்பு அன்று இங்கேயே நின்றோம். மூத்தவள் விடிய எழும்பி, ‘அம்மம்மா, கூழ் எப்போ?’ என்று கேட்கிறாள். அம்மாவுக்கு நினைவே இல்லை! பக்கத்து வீடுகளிலும் அடுப்பில் ஒன்றும் இல்லை, எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்கள். கடைசியில் ஒஸ்லோக்காரி கேட்டதற்காகத் திருகோணமலையில் பயறு வறுபட்டது. அம்மா பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்திக் கொடுக்க, அவள் அதைப் படம் எடுத்துத் தன் சிநேகிதிகளுக்கெல்லாம் அனுப்பினாள். இலையின் அடியில் சின்ன ஓட்டை விட்டு, கூழ் முழங்கை வரைக்கும் வழிந்தது. அதையும் படம் எடுத்தாள்.

ஆடி அமாவாசைதான் இந்த லீவில் எனக்கு வாய்த்த பெரிய நாள். அப்பா போன பிறகு அன்றைக்கு நான் ஊரில் நின்றதே இல்லை. கோணேசர் மலையின் கீழே கடலில் தீர்த்தம். அண்ணா தர்ப்பணம் செய்யும்போது நான் கரையில் செருப்புகளுக்குக் காவல். திரும்பி வரும் வழியில் சந்தையில் காத்தோட்டிக்காய் கண்டேன். உனக்கு நினைவிருக்கும், முள்ளுக்கொடியில் காய்க்கிற அந்தக் கைப்பன். வருசத்தில் அந்த ஒரு நாளுக்குத்தான் அதற்கு மதிப்பு, மறுநாள் சீண்டுவார் இல்லை. அம்மா பிளந்து விதை எடுத்து, உப்பும் மஞ்சளும் போட்டு அவித்துப் பிழிந்து, பிறகு பொரித்தார். அத்தனைக்குப் பிறகும் நாக்கில் வைக்க முடியவில்லை. சின்னவன் துப்பப் போனான். அம்மா சொன்னார்: ‘அப்பப்பனுக்காக ஒரு நாள் கைப்பு விழுங்கினால் வயிறு ஒன்றும் வெடிக்காது.’ அப்பா அவனுக்கு அப்பப்பன் இல்லை, அம்மப்பன். கோபத்தில் முறை மாறிவிட்டது, நாங்கள் யாரும் திருத்தவில்லை.

இனி சாகசக் கதை. புறாமலைக்குப் போய் வந்தோம்! நிலாவெளிக் கரையில் இருந்து பார்த்தால் கைக்கெட்டும் தூரத்தில் தெரியுமே, அந்தத் தீவுதான். நாங்கள் படித்த காலத்தில் நிலாவெளி ரோட்டில் போவதற்கே எத்தனை சோதனைச்சாவடி. கடலில் படகு இறக்கத் தடை. அந்தத் தீவைக் கரையில் நின்று பார்த்தே வளர்ந்தோம். 2003இல் அதைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள், அதற்கு அடுத்த வருசம் சுனாமி. அம்மா 2004க்குப் பிறகு தீர்த்தத்துக்குத் தவிர கடலில் கால் நனைத்ததில்லை. பேரப்பிள்ளைகளைத் தனியே விடமாட்டேன் என்று சேலையோடு படகில் ஏறி, உயிர்காப்பு அங்கிக்கு மேல் முந்தானையைப் போட்டுக்கொண்டு இருந்தார். கையில் தேத்தண்ணி பிளாஸ்க்.

ரிக்கெற் எடுக்கும் இடத்தில் ஒரு கூத்து. அம்மாவுக்கும் அண்ணாவுக்கும் உள்ளூர் விலை, எங்களுக்கு வெளிநாட்டார் விலை. இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நோர்வே 2020இல் இரட்டைக் குடியுரிமைக்கு வழி விட்டது, நாங்கள்தான் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. சின்னவன் தன் தமிழில், ‘நானும் இந்த ஊர்தான்’ என்று சொல்லிப் பார்த்தான். ரிக்கெற் தருகிறவர் சிரித்துக்கொண்டே, ‘தம்பி, உங்கட பாஸ்போட் அப்படிச் சொல்லேல்லையே’ என்றார். அவர் சொன்னது நியாயம்தான், ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

தீவில் மணல் குறைவு, கரை முழுக்க உடைந்த முருகைக்கல், அதாவது பவளப்பாறை. வெறுங்காலோடு நடந்தால் உயிர் போகும். ஆனால் முகமூடி போட்டுக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் வைத்தால் வேறு உலகம். இடுப்பளவு ஆழத்திலேயே நீலமும் மஞ்சளுமாக மீன். செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் முழங்கால் ஆழத்துக்கு வந்து வளைந்து போகின்றன. மனிதரைக் கண்டால் அவைதான் ஓடுகின்றன. மூத்தவள் தலையைத் தூக்கி, ‘அம்மம்மா, சுறா!’ என்று கத்தினாள். அம்மா பாறை நிழலில் இருந்தபடியே, ‘சின்னனோ பெரிசோ? சின்னன் எண்டால் வறைக்கு நல்லம்’ என்றார். சுற்றுச்சூழல் படிக்கப் போகிற பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசி.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. நீந்தத் தெரியாத சனம் அங்கியைப் போட்டுக்கொண்டு முருகைக்கல்லின் மேலேயே ஏறி நிற்கிறது. அது கல் இல்லை, உயிர் என்று யாரும் சொல்வதாகத் தெரியவில்லை. எங்கள் படகோட்டி கண்டிப்பானவர். சின்னவன் காற்சட்டைப் பையில் ஒரு துண்டு வைத்திருந்ததைக் கண்டு, படகைக் கிளப்பாமல் நின்று, திரும்பப் போட வைத்தார். அப்படிப்பட்டவர்கள் கையில் அந்த இடம் இருந்தால் நல்லது.

கன்னியாவுக்கும் போனோம். ஏழு வெந்நீர்க் கிணறும் அப்படியே, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூட்டில். இந்த வெக்கையில் சுடுதண்ணீர் எதற்கு என்று பிள்ளைகள் கேட்டார்கள். எனக்கும் அதே கேள்விதான்.

இப்போது முக்கியமான விசயம். நீ எப்போதும் மார்கழியில் வருகிறாய், நான் ஆடியில். போன மார்கழி நீ வந்து மழையையும் வெள்ளத்தையும் மட்டும் பார்த்துவிட்டுப் போனாய். அப்போது வாடைக் காற்று கடலில் இருந்து கரைக்கு அடிக்கும், அலை மதில்போல் எழும்பும், படகு ஒன்றும் இறங்காது. இப்போது கச்சான் கரையில் இருந்து கடலுக்கு அடிப்பதால்தான் தண்ணீர் இவ்வளவு அடங்கிக் கிடக்கிறது. உன் லீவும் என் லீவும் இப்படியே போனால் நாங்கள் இருவரும் ஒன்றாகத் திருகோணமலையில் நிற்கவே போவதில்லை.

பஞ்சாங்கத்தையும் கலண்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 2028இல் உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் 16. சித்திரை வருசம் அதற்குச் சற்று முன்னால், அதே கிழமையில். எங்களுக்கு ஈஸ்டர் லீவு, நோர்வேயில் எல்லாரும் மலைக் குடிசைக்குப் போய்த் தோடம்பழம் உரித்துக்கொண்டு இருப்பார்கள், எங்களை யாரும் தேடமாட்டார்கள். உன் பிள்ளைகளுக்கும் சித்திரையில் பள்ளி லீவு வரும்தானே? கடலும் அடங்கியிருக்கும். மருத்துநீர் வைத்து முழுகி, அம்மாவின் கையால் கைவிசேஷம் வாங்கி, பிறகு புறாமலைக்கு ஒரே படகில் போகலாம்.

உன் மனிசனிடம் இப்போதே சொல்லி வை, அவர் கடைசி நேரத்தில் வேலை என்று நழுவுகிற ஆள். பள்ளி லீவுத் தேதி வந்தவுடன் எனக்கு எழுது. விமான ரிக்கெற்றை இவர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். வரும்போது நீ ஒன்றும் கொண்டுவர வேண்டாம், அம்மாவுக்கு அந்த முழங்கால் தைலம் மட்டும் இரண்டு போத்தல்.

அன்புடன்,
உன் பழைய வாங்குக்காரி