பச்சை அட்டை நோட்டு

அன்புள்ள அம்மிணி,

ஞாயிற்றுக்கிழமை போனில், "நீ கண்டுபிடிச்சதிலேயே பெரிய கேஸ் எதும்மா?" என்று கேட்டாய். குக்கர் விசில் அடிக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்குக் குக்கர் அடுப்பிலேயே இல்லை. பேச்சில் சொன்னால் குளறிவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

தமிழ்நாடு போலீசில் பெண்களை எடுத்ததே 1973இல்தான். ஒரு எஸ்.ஐ., ஒரு ஏட்டு, 20 கான்ஸ்டபிள்கள், அவ்வளவுதான். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் மகளிர் ஸ்டேஷன் திறந்த பிறகு, பெண் போலீசுக்கு அதுதான் இடம் என்று பலர் முடிவே கட்டிவிட்டார்கள். நான் லா அண்ட் ஆர்டரை விடமாட்டேன் என்று அடம்பிடித்தேன். இருந்தாலும் எனக்கு யார் கொலைக் கேஸ் கொடுத்தார்கள்? பந்தோபஸ்துதான். ஆனால் பெண் பிணம் என்றால் மட்டும் ஜீப் நம் வாசலுக்கு வரும். துணியை விலக்கிக் காயம் பார்த்து எழுத ஒரு பொம்பளை வேண்டுமே! நான் தொழில் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

தூக்கில் தொங்கியவர் கழுத்தில் தடம் பெரும்பாலும் சாய்வாக மேலேறி, முடிச்சுப் பக்கம் விட்டுப்போயிருக்கும். இன்னொருவர் கயிற்றால் இறுக்கியது என்றால் சுற்றிலும் நேராக ஓடும். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் பெண் செத்தால் ஆர்.டி.ஓ. விசாரணை உண்டு, அதாவது வருவாய்க் கோட்டாட்சியரே விசாரிப்பார். ஏழு தாண்டிவிட்டால் "தீராத வயிற்றுவலியால் தற்கொலை" என்று முடித்துவிடப் பார்ப்பார்கள். நம் ஊர்ப்பக்கம் பெண்களுக்கு வந்த வயிற்றுவலி உலகத்தில் வேறெங்கும் வந்திருக்காது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். ராத்திரியில் எனக்கு நினைவு வருவது பெரிய கேஸ் இல்லை. ஒரு கிணறு.

எண்பது அடி. தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டி அந்தப் பெண்ணைத் தூக்கினார்கள். தண்ணீர் எடுக்கப் போனவள் தவறி விழுந்தாள் என்றார்கள் வீட்டார். குடம் வீட்டுத் திண்ணையில் இருந்தது. கிணற்றுத் தண்ணீரில் டயாட்டம் என்று கண்ணுக்குத் தெரியாத பாசி உண்டு. உயிரோடு மூழ்கினால் அது மூச்சு வழியாக ரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜை வரை போகும். கொன்று போட்டிருந்தால் இதயம் ஓடாது, மஜ்ஜைக்குப் போகாது. எலும்போடு அதே கிணற்றுத் தண்ணீரையும் அனுப்பினால்தான் லேபில் ஒப்பிட முடியும். எலும்பை டாக்டர் எடுத்தார். தண்ணீரை நான் பிடிக்கவில்லை. இருட்டிவிட்டது, காலையில் பிடிக்கலாம் என்று விட்டேன். அன்று ராத்திரி ஐப்பசி மழை. விடியும்போது ஓடைத் தண்ணீர் புகுந்து கிணறு பாதி நிரம்பியிருந்தது. யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

அப்புறம் பழைய கேஸ்களைத் தூசி தட்டும் வேலைக்குப் போனேன். கொலைக்குக் காலக்கெடு கிடையாது. பேப்பரில் என் போட்டோ வந்ததே, நீ வெட்டி ஒட்டி வைத்தாயே, அது பதினோரு வருஷத்துக் கேஸ். அதில் என் மூளை ஒன்றும் இல்லை. அந்த வீட்டு மருமகள் விவாகரத்து வாங்கிப் போயிருந்தாள், அவள் பயப்பட ஆள் இல்லை. முறுக்குப் பிழிந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். "இத்தனை நாளா என்னை யாரும் கேக்கலீங்களே" என்றாள்.

பொங்கலுக்கு வந்தபோது என் நோட்டுகளையெல்லாம் பழைய பேப்பர் கடையில் போடச் சொன்னாய். போட்டுவிட்டேன். பச்சை அட்டை நோட்டு ஒன்று மட்டும் பீரோவில் உன் கூறைப்புடவைக்கு அடியில் இருக்கிறது. எடுத்துவிடாதே. அந்தக் கிணற்றுப் பெண்ணின் அப்பா சந்தையில் பார்க்கும்போதெல்லாம், "ஏனுங்கம்மா, ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா?" என்பார். போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாராம்.

கிணற்று வீட்டின் சின்ன மருமகள் இப்போது கோபித்துக்கொண்டு தாய்வீட்டில் இருக்கிறாள் என்று கேள்வி. மழை விட்டதும் ஒரு நடை போய் வரலாம் என்றிருக்கிறேன். ரிட்டயர் ஆனவள் விசாரிக்க முடியாதுதான். தெரிந்ததைச் சொன்னாள் என்றால் ஸ்டேஷனுக்கு நானே கூட்டிப்போவேன்.

அப்பாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே.

அம்மா