குழாய்வழி உணவு: இருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வயிற்றில் துளையிட்டு உணவு செலுத்தும் குழாய் பொருத்திய குழந்தையை வீட்டுக்கு அனுப்பும்போது பெரும்பாலும் தாய்க்கு மட்டுமே செய்முறை சொல்லித் தருகிறார்கள். அவர் காய்ச்சலில் படுத்துவிட்டால் யார் உணவு கொடுப்பது? அப்பாவோ பாட்டியோ, இன்னொருவரும் செவிலியர் முன்னிலையில் செய்து பழகிய பிறகே அனுப்ப வேண்டும்.

குழாய் அடைத்துக்கொள்ள மருந்தே பல நேரம் காரணம். மாத்திரையை நைசாகப் பொடித்து, நீரில் கரைத்துத் தனியாகக் கொடுக்க வேண்டும். பாலோடு கலந்தால் திரிந்து கட்டிதட்டும். மருந்துக்கு முன்னும் பின்னும் 5 முதல் 10 மி.லி. நீர் விடுவது வழக்கம். சிறுநீரக, இதய நோயுள்ள பிள்ளைகளுக்கு மருத்துவர் சொல்லும் அளவுதான். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. பல மணி நேரத்துக்கான மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். அடைப்பெடுக்கக் கம்பி விடாதீர்கள். வெதுவெதுப்பான நீரைச் சிரிஞ்சால் மெல்லத் தள்ளி இழுத்தாலே பெரும்பாலும் விட்டுவிடும்.

உணவின்போதும் அதன்பின் அரை மணி நேரமும் தலைப்பக்கம் 30 டிகிரிக்குக் குறையாமல் உயர்ந்திருக்கட்டும்.

குழாய் கழன்றுவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். துளை சில மணி நேரத்திலேயே சுருங்கிவிடும். அதே அளவுள்ள மாற்றுக் குழாயை அரசு மருத்துவமனைகள் முன்கூட்டியே கையில் கொடுத்தனுப்ப வேண்டும். நள்ளிரவில் எந்த மருந்துக்கடையில் தேடுவது?

– பெற்றோர் சிலர், மதுரை